ராமநாதபுரம் வெயிலில் எந்த சென்ட் நிற்கும்? காசு போன பிறகு தெரிந்துகொண்டவை

டியோர் சவாஜ் சென்ட்டின் 100 மில்லி பாட்டில் இன்று 10,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ப்ளூ டி ஷனேல் அதற்கும் மேலே. க்ரீட் அவென்டஸ் பக்கம் போனால் 25,000 ரூபாய் எடுத்து வைத்தாலும் பெரிய பாட்டில் கைக்கு வராது. கீழக்கரையிலோ ராமேஸ்வரத்திலோ மாதச் சம்பளத்தில் ஓடுகிற ஒருவருக்கு இது கட்டுப்படியாகாது. ஆனால் சபரிலிருந்து (வெளிநாட்டு வேலையிலிருந்து) வந்த காக்கா (அண்ணன்) ஒருவர் கல்யாண வீட்டில் நம்மைக் கடந்து போகும்போது வருகிற அந்த வாசம் மனதில் நின்றுவிடும். அதே மாதிரி ஒன்று நமக்கும் வேண்டும் என்று ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. கஷ்டம் என்னவென்றால், அந்தப் பெரிய கம்பெனிகளின் சென்ட்டை முகர்ந்து பார்த்து வாங்கும் கடை நம் பக்கம் இல்லை, அதற்கு மதுரை வரை போக வேண்டும். எந்த மாற்று நல்லது, எதைத் தொடக்கூடாது என்று எனக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை. அசல் பாட்டில் ஒன்றே வாங்கியிருக்கலாம் என்கிற அளவுக்குக் காசு கரைந்த பிறகுதான் விவரம் பிடிபட்டது. இன்னொருவருக்கு அந்தச் செலவு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லோர் கையிலும் வந்து சேர்வது 'ஃபர்ஸ்ட் காப்பி' என்கிற சரக்கு. பெட்டி அசல் மாதிரியே இருக்கும், பாட்டிலில் சவாஜ் என்றே எழுதியிருக்கும், விலை 800 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய் வரை. கொஞ்சம் விவரமான ஆள் என்று தெரிந்தால் வேறு கதை சொல்வார்கள்: "இது டெஸ்டர் பீஸுண்ணே, டியூட்டி ஃப்ரீல வந்தது, அதான் இந்த வெலை. பில்லெல்லாம் கேக்காதீங்க." எனக்கு அந்தக் கதை 3,500 ரூபாய்க்கு வந்தது. அடித்தவுடன் முதல் சில நொடி நன்றாகத்தான் இருக்கும், எலுமிச்சை, மிளகு எல்லாம் வரும். அது அடங்கியதும் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் நெடி தலைதூக்கும். முக்கால் மணி நேரத்தில் எதுவும் மிச்சம் இருக்காது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கழுத்தில் அடித்துக்கொண்டு உச்சி வெயிலில் பைக் ஓட்டியதில், முதலில் சிவந்து சின்னச் சின்னப் பொரிகளாக வந்தது. பிறகு சென்ட் வழிந்த கோட்டிலேயே காது மடலுக்குக் கீழிருந்து காலர் வரை பழுப்புக் கறை படிந்தது. அது மறைய மாதக் கணக்கானது. தோல் டாக்டருக்கும் களிம்புக்கும் கொடுத்ததைச் சேர்த்தால் மனசு எரிகிறது.

இப்படிக் கறை விழுவதற்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. பெர்கமாட் என்கிற எலுமிச்சை இன எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்து கறுத்துவிடும். ஒழுங்கான கம்பெனிகள் அந்தப் பொருளை நீக்கிய எண்ணெயைப் போடும், அல்லது உலக அளவில் வகுத்த வரம்புக்குள் வைத்திருக்கும். பெயரே திருட்டாக இருக்கும் பாட்டிலுக்குள் எந்த எண்ணெய், எந்த ஆல்கஹால், எந்தச் சாயம் என்று கேட்க ஆளில்லை. அதனால் முதல் பாடமாக இதைச் சொல்கிறேன்: அடுத்தவன் பெயரை ஒட்டி விற்பது போலி. அதே சாயலில் வாசம் செய்து, தன் சொந்தப் பெயரையும் முகவரியையும் போட்டு விற்பது மாற்று. சட்டமும் இந்தக் கோட்டில்தான் நிற்கிறது. பெயருக்கும் லோகோவுக்கும் வணிக முத்திரைப் பாதுகாப்பு உண்டு. வாசத்தின் சாயலுக்கு அந்த மாதிரிப் பாதுகாப்பு பொதுவாக இல்லை. அர்மாஃப், லட்டாஃபா, அஃப்னான், ரசாசி, மெசான் அல்ஹம்ப்ரா என்று துபாய்ப் பக்கத்து கம்பெனிகள் பகிரங்கமாக வியாபாரம் செய்வது இதனால்தான்.

மாற்று வாங்கும்போதும் பெட்டியைத் திருப்பிப் படித்தே ஆக வேண்டும். ஏனென்றால் நன்றாக ஓடுகிற மாற்றுக்கே இப்போது போலி வந்துவிட்டது, முக்கியமாக அர்மாஃப் க்ளப் டி நுய் இன்டென்ஸுக்கு. இந்தியாவில் முறையாக இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், வருஷம், புகாருக்கான தொடர்பு எண் எல்லாம் தனி ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். 2020-ல் வந்த அழகுசாதன விதிகளின்படி இறக்குமதிப் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். பெட்டியின் அடியில் இருக்கும் பேட்ச் எண்ணும் பாட்டிலின் அடியில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பார்கோடு 629-ல் தொடங்கினால் அமீரகத்தில் பதிவான கம்பெனி, 890 என்றால் இந்தியா, 300 முதல் 379 வரை பிரான்ஸ். பார்கோடை யாரும் நகல் எடுக்கலாம் என்பதால், அது சரியாக இருப்பதை வைத்து அசல் என்று முடிவு கட்டக்கூடாது; வேறு எண்ணில் தொடங்குவதை மட்டும் வைத்துப் போலி என்றும் முடிவு கட்ட முடியாது, எண் பதிவான இடத்தைத்தான் அது சொல்கிறது. பாட்டிலைக் குலுக்கி நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பது, மூடியில் காந்தம் இருக்கிறதா என்று பார்ப்பது, இதையெல்லாம் நம்ப வேண்டாம். சவாஜின் மூடி காந்தத்தில் ஒட்டும் என்பது உண்மைதான், ஆனால் போலி செய்கிறவனுக்கும் அது தெரியும். ஸ்ப்ரே தூவும் விதத்தில் ஓரளவு கண்டுபிடிக்கலாம்: நல்ல பாட்டில் மெல்லிய பனியாகத் தூவும், மட்டமானது துளித்துளியாகப் பீய்ச்சும்.

அடுத்த கட்டம் அத்தர் கடை. நம் பக்கத்தில் இது பழைய பழக்கம். ஏர்வாடி தர்கா வாசலிலும் கீழக்கரைக் கடைத்தெருவிலும் வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள் நிற்கும். ஆல்கஹால் வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது ஒரு துளி தடவிக்கொள்கிறவர்களுக்கும் எண்ணெயே சரி. 3 மில்லி, 6 மில்லி, 12 மில்லி என்று உருட்டுக் குப்பிகளில் தருவார்கள். தோலா என்று கேட்டால் கிட்டத்தட்ட 12 மில்லி. 'சவாஜ் டைப்', 'அவென்டஸ் டைப்' என்று ஒட்டியிருப்பதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் சேர்த்த வாசனைக் கலவைகள். அதில் தப்பில்லை, அசல் சந்தன அத்தர் என்று சொல்லி 100 ரூபாய்க்குக் கொடுத்தால்தான் தப்பு. சந்தன எண்ணெய் கிலோ லட்சக் கணக்கில் போகிற காலம் இது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் செப்புப் பானையில் காய்ச்சி இறக்குகிற அத்தர்களுக்கே, சந்தன எண்ணெய்க்குப் பதிலாக மலிவான வேறு திரவங்களில் வாசத்தைப் பிடிக்கும் வழக்கம் வந்துவிட்டது.

எண்ணெயில் கவனிக்க வேண்டியது அதன் அடித்திரவம். டைப்ரோபிலீன் கிளைகால் என்ற கரைப்பான் கலந்திருந்தால் தோலில் லேசாக இறங்கும், ஆல்கஹாலிலும் கரையும். விலையை இறக்க லிக்விட் பாரஃபின் என்ற கனிம எண்ணெய் கலந்திருந்தால் தோலில் பிசுபிசுவென்று மேலேயே நிற்கும், வேட்டியில் பட்டால் எண்ணெய்க் கறை போகாது. சில கடைகளில் இந்த எண்ணெயோடு ஸ்பிரிட் கலந்து நம் கண் முன்னாலேயே ஸ்ப்ரே பாட்டில் போட்டுக் கொடுப்பார்கள். அங்கே நின்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் எண்ணெயை இழுத்து, காலிப் பாட்டிலில் விட்டு, மேலே ஸ்பிரிட்டை ஊற்றிக் குலுக்குவார்கள். தெளிவாக இருந்தால் சரி. பால் மாதிரிக் கலங்கினால் ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் தனி அடுக்காகப் பிரிந்து கண்ணாடியில் கொழகொழவென்று வழிந்தால் பாரஃபின் இருக்கிறது, அது எத்தனை நாள் வைத்தாலும் சேராது. அப்படிப்பட்ட பாட்டிலில் ஒரு நேரம் வெறும் எண்ணெயும், ஒரு நேரம் வெறும் ஸ்பிரிட்டுமாக வரும். ஸ்ப்ரே குழாயும் அடைத்துக்கொள்ளும். 30 மில்லி பாட்டிலுக்கு 6 மில்லி எண்ணெய், 24 மில்லி ஸ்பிரிட் என்பது நல்ல அளவு, ஏறக்குறைய ஓ டி பர்ஃபம் என்று போட்டிருக்கும் பாட்டில்களின் அடர்த்தி அது. இதற்கு வாசனைத் திரவியத்துக்கென்றே வரும் எத்தனால் வேண்டும். எந்த ஸ்பிரிட் என்று கேட்டால் கேனைக் காட்டாத கடையில் வாங்காதீர்கள், மெத்தனால் கலந்த தொழிற்சாலைச் சரக்காக இருந்தால் தோலோடு நிற்காது. வீட்டில் சானிடைசரையோ மருந்துக்கடை ஸ்பிரிட்டையோ ஊற்றிக் கலக்கவும் வேண்டாம். அவற்றில் வரக்கூடிய ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நெடியும் மற்ற சேர்க்கைகளும் வாசத்தைக் கெடுத்துவிடும்.

இனி பாட்டில் மாற்றுகள். விற்கிறவர்கள் எல்லாவற்றையும் '95 சதவீதம் அதே மாதிரி' என்பார்கள். அந்த எண்ணுக்கு ஒரு அளவுகோலும் கிடையாது. மாற்று எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் எங்கே ஒட்டும், எங்கே விலகும் என்று நாமே ஊகிக்கலாம். அசல் சென்ட்டை வாயு நிறப்பிரிகைக் கருவியில் ஏற்றினால் அதில் இருக்கும் பொருட்களின் பட்டியல் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காமல் போவது இரண்டு. ஒன்று, ஒரு பூவெண்ணெய் அல்லது மர எண்ணெயின் தரம். இன்னொன்று, பெரிய வாசனை நிறுவனங்கள் தங்களுக்கென்று காப்புரிமையோடு வைத்திருக்கும் மூலக்கூறுகள். இந்த இரண்டு இடத்திலும் மாற்று செய்கிறவர் வேறு எதையாவது வைத்து ஒப்பேற்றுவார். அதனால்தான் மாற்று சென்ட்டின் முதல் பத்து, இருபது நிமிஷம் முரட்டுத்தனமாக இருக்கும், பிறகு அசலை நெருங்கும். அம்பர் சாயல் தரும் அம்ப்ராக்ஸான், மர வாசம் தரும் ஐசோ இ சூப்பர், கஸ்தூரி வகை மூலக்கூறுகள் எல்லாருக்கும் கிடைப்பவை. அடித்தளம் அவற்றால் ஆன சென்ட்டுகளுக்கு மாற்று நன்றாக வரும்.

2010-ல் வந்த அவென்டஸுக்கு அர்மாஃப் க்ளப் டி நுய் இன்டென்ஸ் மேன் பெயர் பெற்ற மாற்று. 105 மில்லி, விலை 2,500 ரூபாயிலிருந்து 3,500 ரூபாய்க்குள். திறந்தவுடன் எலுமிச்சை மூக்கில் குத்தும், பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஞாபகம் வரும். அதைப் பார்த்துப் போலி என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அரை மணி நேரம் பொறுங்கள், அன்னாசியும் புகை படிந்த மரமும் கஸ்தூரியும் எழும்பி வரும், அந்த இடத்தில் அசலோடு உண்மையாகவே நெருக்கம். நம் ஊர் வெயிலிலும் அரை நாளுக்கு மேல் தாங்கும். புது பாட்டிலில் சில ஸ்ப்ரே அடித்துவிட்டு இரண்டு, மூன்று வாரம் அலமாரியில் வைத்து எடுத்தால் அந்த முரடு கொஞ்சம் குறைகிறது என்பது என் அனுபவம். அதை நம்பி மாதக் கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை.

சவாஜ் விஷயத்தில்தான் நிறைய பேர் காசை விடுகிறார்கள். 2015-ல் வந்த சவாஜ் ஓ டி டாய்லெட் (அடர்த்தி குறைந்த வகை) வேறு, 2021-ல் வந்த சவாஜ் எலிக்சர் வேறு. முதலாவது பெர்கமாட், மிளகு, அம்ப்ராக்ஸான் என்று பளிச்சென்று இருக்கும். இரண்டாவது இலவங்கப்பட்டை, அதிமதுரம் என்று கனமாக, கிட்டத்தட்டக் கஷாயம் மாதிரி இறங்கும். லட்டாஃபா அசாத் 'சவாஜ் மாதிரி' என்றே விற்கப்படுகிறது, ஆனால் அது போவது எலிக்சர் வழியில். பளிச்சென்ற சவாஜை எதிர்பார்த்து அசாத் வாங்கினால் சித்திரையில் அதைத் தொட மனசே வராது. உங்களுக்குப் பிடித்தது பழைய சவாஜ் என்றால் அர்மாஃப் வென்டானா, மெசான் அல்ஹம்ப்ரா சால்வோ பக்கம் பாருங்கள். அசாத் மோசமான சென்ட் என்று சொல்லவில்லை. வாடைக் காற்று வீசுகிற மார்கழி, தையில், ராத்திரிக் கல்யாணத்தில், இரண்டே ஸ்ப்ரேயில் அது பிரமாதம்.

இனிப்பு வகைக்கும் இதே கதை. அஃப்னான் 9 பிஎம், ழான் பால் கோத்தியே அல்ட்ரா மேலின் சாயல்; வெனிலாவும் ஆப்பிளும் தித்திக்கும். லட்டாஃபா கம்ரா, கிலியன் ஏஞ்சல்ஸ் ஷேரின் வழியில் பேரீச்சையும் பட்டையும். வளைகுடாவில் இவை ஓடுவதற்கு ஒரு காரணம், அங்கே மனிதர்கள் இருப்பது ஏசிக்குள். நம் ஊரில் பஸ்ஸில், டீக்கடை வாசலில், வியர்வையோடு சேர்ந்து அதே வெனிலா திகட்டி, பக்கத்தில் நிற்கிறவருக்குத் தலைவலி கொண்டுவரும். இன்னொன்று, வெனிலா வாசத்தைத் தரும் வெனிலின் என்ற பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகும். இந்த சென்ட்டுகளை வெள்ளைச் சட்டையிலும் பட்டு வேட்டியிலும் நேராக அடித்தால் துவைத்தாலும் போகாத மஞ்சள் கறை விழும். கல்யாணச் சட்டை ஒன்று அப்படிப் போனதைப் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பகல் நேரத்துக்கு இந்தக் கடற்கரையில் எனக்கு முழுத் திருப்தி தருவது ரசாசி ஹவாஸ். பக்கோ ரபான் இன்விக்டஸ் அக்வாவோடு அதை ஒப்பிடுவார்கள். ஆப்பிளும் உப்புக் கடல் சாயலும், அடியில் அம்பர் வகை வாசம். வெயில் ஏற ஏற இன்னும் நன்றாகப் பரவுகிறது. மாற்று என்று பார்த்தால் விலை கொஞ்சம் தூக்கல்தான், ஆனாலும் கொடுக்கலாம். ப்ளூ டி ஷனேலுக்கு க்ளப் டி நுய் ப்ளூ ஐகானிக் நெருங்கி வரும். ஆபீஸுக்கு அதுவே போதும். ஜார்ஜியோ அர்மானியின் அக்வா டி ஜியோவுக்கு நான் மனசார நம்புகிற மாற்று கிடைக்கவில்லை. அந்த இடத்தில் வேறு ஒரு வழி சொல்கிறேன்: பெரிய கம்பெனிகளின் பழைய சென்ட்டுகளிலேயே மலிவானவை இருக்கின்றன. 1988-ல் வந்த டேவிடாஃப் கூல் வாட்டர், 2006-ல் வந்த நாட்டிகா வாயேஜ் இரண்டும் தள்ளுபடி நாட்களில் மாற்றுகளின் விலைக்கே வரும், சில சமயம் அதற்கும் கீழே. கூல் வாட்டரே 1985-ல் வந்த க்ரீட் க்ரீன் ஐரிஷ் ட்வீட்டுக்கு ஏழை வீட்டுத் தம்பி என்று சொல்லும் அளவுக்கு ஒற்றுமை உண்டு. ஆனால் இரண்டும் சீக்கிரம் அடங்கிவிடும், மூன்று, நான்கு மணி நேரம்தான். 10 மில்லி குப்பியில் ஊற்றிப் பையில் வைத்துக்கொண்டு மதியம் ஒரு தடவை அடித்துக்கொண்டால் போதும்.

ஏன் நம் ஊரில் சென்ட் நிற்பதில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். எலுமிச்சை வகைகளில் இருக்கும் லிமோனின் மூலக்கூறு எடை 136; அம்ப்ராக்ஸான் 236. எடை குறைந்தது சூட்டில் முதலில் பறந்துவிடும். சித்திரை, வைகாசியில் எலுமிச்சையை மட்டும் நம்பிய சென்ட் வாசலைத் தாண்டுவதற்குள் போய்விடும். அடியில் அம்ப்ராக்ஸான், மரம், கஸ்தூரி இருந்தால்தான் மிச்சம். ஆடியில் கச்சான் காற்று புழுதியோடு அடிக்கும்போதும், பாம்பன் பாலத்தில் பைக்கில் போகும்போதும் காற்றே வாசத்தைக் கொண்டுபோய்விடும். அப்போது வெளியே தெரியும் தோலில் அடித்துப் பயனில்லை. குளித்து, ஃபேனுக்கு அடியில் வியர்வை அடங்க நின்று, மார்பிலும் தோளிலும் அடித்து அது காய்ந்த பிறகு சட்டை போடுங்கள். துணியின் உள்பக்கம் ஒரு ஸ்ப்ரே கூடுதல். தோல் வறண்டவர்கள் வாசமில்லாத வாஸ்லின் களிம்பை ஒரு சிட்டிகை தடவி அதன் மேல் அடித்தால் நேரம் கூடும். வெயிலில் வேலை செய்கிறவர்கள் கழுத்தையும் கையின் வெளிப்பக்கத்தையும் விட்டுவிடுங்கள், காரணம் மேலே சொன்ன பெர்கமாட். வியர்த்த உடம்பில் வியர்வையை மறைக்க அடிப்பது எல்லாவற்றிலும் மோசம், இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் வரும்.

இன்னொரு ஏமாற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனக்கு மணக்கவில்லை என்று மறுபடி மறுபடி அடிப்பார்கள். மூக்கு ஒரே வாசத்துக்குச் சில நிமிஷங்களிலேயே பழகிவிடும், அதற்குப் பிறகு நமக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். ஐசோ இ சூப்பர், அம்ப்ராக்ஸான், சில கஸ்தூரி வகைகளைச் சிலரால் பிறவியிலேயே சரியாக உணர முடியாது. ஒரு சென்ட் நிற்கிறதா என்று தீர்மானிக்க வீட்டில் ஒருவரைக் கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, என்ன சென்ட் என்று சொல்லாமல் கேளுங்கள்.

முகர்ந்து பார்க்காமல் முழு பாட்டில் வாங்கிய காசுதான் அதிகமாக வீணானது. அதற்கு மாற்று வழி, 2 மில்லி, 5 மில்லி குப்பிகளில் பிரித்து விற்கிறவர்களிடம் வாங்கி முதலில் தோலில் சோதிப்பது. மில்லிக்கு விலை அதிகம், மாற்று சென்ட்டுக்கே 40, 50 ரூபாய் வரும். ஆனாலும் 250 ரூபாய் போவது 3,000 ரூபாய் போவதை விட மேல். முழங்கை மடிப்பில் ஒரு ஸ்ப்ரே அடித்து ஒரு நாள் விடுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்த சென்ட் உங்களுக்கு ஆகாது. காகிதத்தில் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள், காகிதத்துக்குச் சூடும் இல்லை, வியர்வையும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு சென்ட்தான். காலையில் அடித்து, வழக்கமான வேலையைப் பார்த்து, மதியமும் மாலையும் முகர்ந்து பாருங்கள். நண்பர்கள் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்கி 10 மில்லி கண்ணாடிக் குப்பிகளில் பிரித்துக்கொள்வது இன்னும் நல்லது. பிரிக்கும்போது மெல்லிய பளபள பிளாஸ்டிக் குப்பி வேண்டாம், சில வகைப் பிளாஸ்டிக்கை சென்ட் அரித்துவிடும்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்ப்ரே ஏறக்குறைய 0.1 மில்லி. 3,000 ரூபாய்க்கு 100 மில்லி என்றால் ஸ்ப்ரேக்கு 3 ரூபாய், நாளைக்கு 4 ஸ்ப்ரே அடித்தால் 12 ரூபாய், பாட்டில் 250 நாள் வரும். அசல் சவாஜில் அதே நாலு ஸ்ப்ரேக்கு 40 ரூபாய்க்கு மேல் ஆகும். 6 மில்லி அத்தர் 300 ரூபாய் என்றால் ஏறக்குறைய 120 துளி, துளிக்கு இரண்டரை ரூபாய். தினமும் அடிக்கிறவருக்கு மாற்றோ அத்தரோதான் நியாயம். வருஷத்துக்கு நாலு விசேஷத்துக்கு மட்டும் அடிக்கிறவர், அசலிலேயே 10 மில்லி பிரித்து வாங்கிக்கொண்டால் அதுவே மலிவு. இதை யாரும் சொல்வதில்லை.

ஆன்லைனில் வாங்கினால் சென்ட் எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு என்பதால் பெரும்பாலும் விமானத்தில் ஏற்றாமல் லாரியில்தான் வரும், நம் பக்கத்துக்கு நாள் கூடுதலாகும். கோடையில் தகரக் கூரை குடோனில் கிடந்து வருவதை விட மழைக்காலத்திலும் மார்கழியிலும் வாங்கி வைப்பது நல்லது. பார்சலை வெட்டுவதற்கு முன்பிருந்தே ஒரே வீடியோவாக எடுங்கள், வெட்டிய பிறகு எடுத்தால் ஏற்க மாட்டார்கள். போலி வந்து விற்றவர் கை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம், தமிழிலும் பேசலாம். அதற்கு பில் வேண்டும். வாங்கிய பாட்டிலைப் பெட்டிக்குள்ளேயே, இருட்டான அலமாரியில் வையுங்கள். குளியலறை, ஜன்னல் ஓரம், வண்டி டேஷ்போர்டு மூன்றும் ஆகாது. சூட்டில் எலுமிச்சைப் பகுதி புளித்து, திறந்தவுடன் வினிகர் மாதிரி வரும், நிறமும் கறுக்கும்.

சபரிலிருந்து வருகிற மச்சானிடம் சொல்லி அனுப்புகிறவர்கள் பெயரை முழுதாக, பாட்டில் படத்தோடு அனுப்புங்கள். 'க்ளப் டி நுய்' என்று மட்டும் சொன்னால் அந்தப் பெயரில் இன்டென்ஸ் மேன், சில்லாஜ், மைல்ஸ்டோன், அன்டோல்ட், பெண்களுக்கானது என்று பலதும் இருக்கின்றன. அவர் பாவம், கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வருவார். அன்டோல்ட் என்பது பக்காரா ரூஜ் 540-ன் சாயலில் சர்க்கரைப் பாகு மாதிரி இனிக்கும், அவென்டஸ் கேட்டவருக்கு அது எந்த விதத்திலும் ஆகாது. இன்டென்ஸ் மேனிலேயே ஓ டி டாய்லெட்டா, பர்ஃபமா என்பதையும் எழுதுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் பாட்டிலை விமானத்தில் விட மாட்டார்கள். இன்டென்ஸ் மேன் 105 மில்லி. சோதனை மேடையில் பிடுங்கிக்கொள்வார்கள். அதைப் பெரிய பெட்டியில், மூடிக்கு மேல் டேப் சுற்றி, ஒரு பாலித்தீன் பையில் கட்டி, துணிகளுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.